பனை உயரத்து வேகம்

கரும்புக்கொல்லை வரப்பில் நிற்கும் முதிர்ந்த பனை ஒன்று 25 மீட்டர் உயரம் இருக்கும். அதன் உச்சியிலிருந்து நழுவும் பொருள், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். உளுந்தூர்பேட்டை வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் 80 என்பது மிதமான வேகம். வலப்பக்கத் தடத்தில் அந்த வேகத்தில் போகும் காரைப் பின்னால் வருபவர் விளக்கடித்து ஒதுங்கச் சொல்வார். பனையேறுபவர் தளைநாரை நம்பி, மரத்தை நெஞ்சோடு அணைத்து, ஒவ்வொரு எட்டையும் நிதானித்து வைக்கிறார். தொழில் பழகாத எவரும் அந்த உச்சியில் ஒரு நொடி நிற்கத் துணிய மாட்டார். அதே ஆள் 80இல் ஓடும் காரின் முன்னிருக்கையில் பெல்ட் போடாமல் கண்ணயர்ந்துவிடுகிறார். இரண்டு இடத்திலும் அவர் சுமக்கும் ஆற்றலின் அளவு ஒன்றுதான்: பனை உச்சியில் அது நிலை ஆற்றல், காரில் இயக்க ஆற்றல். ஒன்றைக் கண்டு நடுங்கும் உடல் மற்றொன்றில் உறங்குவது எப்படி?

சோம்பல், அலட்சியம், திமிர் என்று இதற்கு ஒழுக்க விளக்கம் சொல்வது வழக்கம். ஆனால் இயற்பியலிடம் இதைவிட அடிப்படையான விடை ஒன்று இருக்கிறது. சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் கப்பலின் உள்ளறையில் இருப்பவர், அங்கே நடக்கும் எதை வைத்தும் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது என்பதைக் கலிலியோ 1632இல் எழுதினார். நியூட்டன் 1687இல் வகுத்த முதல் விதியின் உட்கிடையும் அதுவே: சீரான இயக்கத்தைத் தொடர விசை எதுவும் தேவையில்லை. விசை இல்லாத இடத்தில் உடலுக்கு உணர்வதற்கு எதுவும் இல்லை. நம் உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களும் அவற்றை அடுத்த நுண்கற்களும் வேக மாற்றத்தையும் திருப்பத்தையும்தான் அறியும், வேகத்தை அறியா. வேகம் என்று நாம் உணர்வதெல்லாம் குலுக்கல், காற்று, இரைச்சல், கண்ணோரம் பின்னோடும் மரங்கள் ஆகியவற்றிலிருந்து மனம் ஊகித்துக்கொள்வது. எனவே சாலை எவ்வளவு நேராகவும் வழவழப்பாகவும் அகலமாகவும் ஆகிறதோ, அவ்வளவுக்கு அந்தத் தடயங்கள் குறைந்து வேகம் மறைகிறது. நல்ல சாலையின் ஆபத்து அதன் நற்பண்பிலேயே இருக்கிறது என்பதும், அதற்கான மாற்று ஓட்டுநருக்குச் சொல்லும் அறிவுரையில் அல்ல, பெரும்பாலும் சாலையின் அமைப்பிலேயே தேடப்பட வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

நம் உடல் இயக்கத்தைப் பற்றிக் கற்ற பாடம் வேறொரு உலகத்தில் கற்றது. உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவர் தேர் நகர்வதைப் பார்ப்பவருக்கு அரிஸ்டாட்டில் சொன்னது முழுக்கச் சரி என்றே படும். வடத்தை இழுத்தால் தேர் நகரும். கையை விட்டால் நிற்கும். அசையாத தேரை அசைக்கத்தான் அதிக பலம் வேண்டும். உருளத் தொடங்கியபின் அவ்வளவு வேண்டாம். மாட்டு வண்டியும் ஏற்றமும் ஏரும் சொல்வது இதைத்தான். உராய்வு ஆளும் உலகில் இயக்கத்துக்குத் தொடர்ந்து விசை வேண்டும் என்பது அன்றாட உண்மை. எறிந்த பொருளுக்குள் ஏதோ ஒன்று ஏற்றப்பட்டு, அது தீரும்வரை பொருள் ஓடுகிறது என்று ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ் எண்ணினார். வைசேடிக மரபில் பிரசஸ்தபாதர், வேகம் என்பதைப் பொருளில் தங்கும் ஒரு பண்பாகவே வகைப்படுத்தினார். இந்த எண்ணம் படிப்பால் எளிதில் அகல்வதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்கிளாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், வளைந்த குழாயிலிருந்து வெளிவரும் குண்டு தொடர்ந்து வளைந்தே செல்லும் என்று மாணவர்களில் கணிசமானோர் வரைந்து காட்டினர். இயற்பியல் படித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். மூன்று விதிகளையும் ஒப்பிக்கத் தெரிந்த இளைஞர், மூன்று ஆண்டு கழித்து பைக்கில் ஏறும்போது தேர் இழுத்த உடலோடுதான் ஏறுகிறார். ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி அடங்கிவிடும், பிரேக்கை மிதித்தால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை அந்த உடலின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க உளுந்தூர்பேட்டையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டரில், திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரியும் இடம் இது. தெற்கு மாவட்டங்களுக்கும் கொங்கு மண்டலத்துக்கும் போகும் வண்டிகள் இங்கே வந்து சேரும்போது ஓட்டுநர் மூன்று மணி நேரமாக ஒரே சீரான வேகத்தில் இருந்திருப்பார். 1969இல் அமெரிக்காவில் ஷ்மிட், டிஃபின் என்ற இருவர் செய்த சோதனை இதற்குப் பொருந்தும். மணிக்கு 70 மைல் வேகத்தில் 40 மைல் தூரம் ஓட்டியவர்களிடம், ஸ்பீடோமீட்டரைப் பார்க்க விடாமல் வேகத்தை 40க்குக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் 40 என்று நம்பி ஓட்டிய வேகம் உண்மையில் 50ஐத் தாண்டியிருந்தது. உப்புக்குப் பழகிய நாக்குக்கு உப்பு தெரியாததுபோல, வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு வேகம் தெரிவதில்லை. நூறில் வந்தவருக்கு எழுபது என்பது ஊர்வதுபோல் இருக்கும். அந்த எழுபதில்தான் அவர் சந்திப்பை, கடைத்தெருவை, கரும்பு ஏற்றி ஆலைக்கு ஊர்ந்துபோகும் டிராக்டரின் பின்புறத்தைச் சந்திக்கிறார்.

உடல் மறைக்கும் தொகை எவ்வளவு என்பதைக் கணக்கு காட்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக் அதைக் கரைக்கப் பயன்படுத்துவது டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு ஒன்றைத்தான். அது வேகத்துக்கேற்ப வளர்வதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது. இந்தியச் சாலைகளின் வடிவமைப்பு நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவை, ஆபத்தைக் கண்டு பிரேக் மிதிக்க ஓட்டுநருக்கு 2.5 நொடி ஆகும் என்று வைத்துக்கொள்கிறது. அதன்படி 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும். நூறில் வரும் வண்டிக்கு 180 மீட்டர். வேகம் இரண்டரை மடங்கு ஏற, தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது. அதில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரத்தை மட்டும் தனியே எடுத்தால் 17 மீட்டரிலிருந்து 112 மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஏழு மடங்குக்குத் தாவுகிறது. நூறில் வருபவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே வண்டி 70 மீட்டர் ஓடிவிடும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்தோடு இதை ஒப்பிட்டால், பலரும் தம் கண்ணுக்கு எட்டாத இருளுக்குள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் சாலை இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சுமார் 136 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை நான்குவழியாக்கப்பட்டபோது, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் போன்ற ஊர்களைச் சுற்றிச் செல்லும் பைபாஸ்கள் பல ஆண்டுகள் இருவழியாகவே இருந்தன. நடுத்தடுப்பு கொண்ட நான்குவழியில் வேகம் பழகி வந்த வண்டி, தடுப்பே இல்லாத இருவழிக்குள் நுழைகிறது. எதிரே வருவதும் அப்படியே பழகி வருகிறது. இங்கேதான் மூன்றாம் விதி தன் முழு முகத்தைக் காட்டும். ஒரு டன் காரும் 25 டன் சுமை லாரியும் தலா 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், இரண்டின் மீதும் செயல்படும் விசை ஒன்றேதான். ஆனால் உந்தம் காக்கப்பட வேண்டும் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகரும்போது லாரியின் வேகம் ஐந்து கிலோமீட்டர்கூடக் குறையாது. காரின் வேக மாற்றமோ 115 கிலோமீட்டர். லாரி ஓட்டுநருக்கு ஒரு குலுக்கல். காரில் இருப்பவருக்கு 50 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்த அடி, இரண்டு பனை உயரம். விசை சமம், விளைவு சமமில்லை. சிறிய வண்டிக்காரர் தப்பே செய்யாவிட்டாலும் சட்டத்தின் பங்கீடும் நிறையின் பங்கீடும் ஒன்றாக இருப்பதில்லை.

கண்ணாடி மூடிய காருக்குள் நடப்பதும் முதல் விதியின் ஆட்சிதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் எதிலோ மோதி, அதன் முன்பகுதி நசுங்க, 60 சென்டிமீட்டருக்குள் நிற்பதாகக் கொள்வோம். கார்தான் நிற்கிறது, உள்ளே இருப்பவருக்கு யாரும் நிற்கச் சொல்லவில்லை. பெல்ட் போட்டவரை அது காரோடு பிணைத்து அந்த 60 சென்டிமீட்டரையும் அவருக்குப் பங்கு தருகிறது. அப்போதே அவர் உடல் தன் எடையைப் போல ஏறக்குறைய 24 மடங்கு விசையைத் தாங்குகிறது. பெல்ட் இல்லாதவர் அதே வேகத்தில் போய்க் கண்ணாடியிலோ டேஷ்போர்டிலோ சில சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். நிற்கும் தூரம் பத்தில் ஒரு பங்கானால் விசை பத்து மடங்காகும். மடியில் பத்து கிலோ குழந்தையை வைத்திருக்கும் தாய், அந்த நொடியில் 236 கிலோ மூட்டையைத் தாங்க வேண்டியிருக்கும். பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்ற பாசமான எச்சரிக்கை, தேர் வேகத்துக்குச் சரி. சாலை வேகத்துக்கு எந்தக் கையாலும் முடியாதது. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் நுரையும் இதே வேலையைத்தான் செய்கிறது: மண்டை நிற்பதற்குச் சில சென்டிமீட்டர் தூரம் கொடுக்கிறது. தலையில் மாட்டாமல் பெட்ரோல் டேங்க் மீது வைத்துக்கொண்டு போகும் தலைக்கவசம் அந்தச் சில சென்டிமீட்டரையும் மறுத்துவிடுகிறது.

உளுந்தூர்பேட்டை இருக்கும் அதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இதற்கு நேரெதிரான சாலை இருக்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வேகம் ஒளிந்துகொள்ள முடியாது. திருப்பம் என்பது திசை மாற்றம். திசை மாறினால் விசை வேண்டும். விசை வந்தால் உடலுக்குத் தெரிந்துவிடும். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது, பயணி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளப்படுவதாக உணர்வார். 40இல் திரும்ப முயன்றால் தேவை நான்கு மடங்காகி எடையின் முக்கால் பங்கைக் கடந்துவிடும். காய்ந்த தாரிலும் டயரால் அதைத் தர முடியாமல் வண்டி வழுக்கக்கூடும். இந்த இருமடிக் கணக்கைப் படிக்காத ஓட்டுநரும் மலையில் மெதுவாகவே போகிறார், ஏனென்றால் சாலை அவர் தோளைப் பிடித்து உலுக்கிச் சொல்கிறது. மலைப்பாதையில் விபத்தே இல்லை என்பதல்ல. சரக்கு வேனில் ஆள் ஏற்றும்போது ஈர்ப்பு மையம் உயர்ந்து கவிழ்வதும், நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளர்வதும் உண்டு. ஆயினும் அங்கே வேகம் தன்னை அறிவிக்கிறது. சமவெளியின் நேர்சாலையில் அதே வேகம் வாய் திறப்பதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது, விபத்துக்குக் காரணம் இயற்பியல் அல்ல, ஒழுங்கின்மைதான் என்பது. குடித்துவிட்டு ஓட்டுவதும், எதிர்த்திசையில் வருவதும், செல்போனில் பேசுவதும் உண்மை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். ஆனால் அதே அறிக்கை இறப்புகளில் 71 விழுக்காட்டை அதிவேகத்தின் கணக்கில்தான் சேர்க்கிறது. மோதல் ஏன் நடந்தது என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மோதியபின் யார் பிழைப்பார் என்பதை வேகமே பெரிதும் முடிவு செய்கிறது. மேலும் லட்சக்கணக்கானோர் ஒரே வகைத் தவற்றை ஒரே வகை இடத்தில் செய்தால் அதைத் தனிமனிதக் குணக்கேடு என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. இரண்டாவது, அனுபவம் கற்றுத்தரும் என்பது. இருபது ஆண்டு ஓட்டியவரின் அனுபவம் பெரும்பாலும் மோதாமல் போனதன் அனுபவம். மோதலின் இருமடிக் கணக்கை அது கற்றுத்தர வழியில்லை. விமானத் துறை இதை எப்போதோ ஒப்புக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைத்துப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் இன்றும் கிடக்கிறது. அத்தகைய ஓடுதளங்களில் இறங்கிய விமானிகளுக்கே, மேகத்துக்குள் உடல் சொல்வதை நம்பாதே, கருவி காட்டுவதை நம்பு என்பது உயிர்ப்பாடம். பக்கத்துச் சாலையில் செல்பவரிடம் நாம் இன்னும் உடலை நம்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது மறுப்பு, ஜெர்மனியின் ஆட்டோபான். அதன் பெரும்பகுதியில் வேக வரம்பே இல்லை. இறப்பு விகிதமோ நம்மைவிட மிகக் குறைவு. ஆனால் மோதலில் முக்கியமானது வேகம் மட்டுமல்ல, மோதும் இரண்டின் வேக வேறுபாடும் நிறை வேறுபாடும்தான். ஆட்டோபானில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்குச் சந்திப்பு கிடையாது. நடப்பவரும் மிதிவண்டியும் மெல்ல ஓடும் வண்டியும் உள்ளே வர முடியாது. செங்குறிச்சி சுங்கச்சாவடியைத் தாண்டிய சாலையிலோ பேருந்துக்குக் காத்து நிற்பவரும், எதிர்ப்புறம் போகக் குறுக்கே தள்ளப்படும் டூவீலரும், நூறில் வரும் காரும் ஒரே தாரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நான்காவது, வேகம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது. மிச்சப்படுத்துகிறதுதான், ஆனால் குறைந்துகொண்டே போகும் கூலியாக. சேலம் சாலையின் 136 கிலோமீட்டரை 80இல் கடக்க 102 நிமிடம். நூறில் 82 நிமிடம். 120இல் 68 நிமிடம். முதல் இருபது கிலோமீட்டர் கூடுதல் வேகம் 20 நிமிடம் தருகிறது, அடுத்த இருபது 14 நிமிடம்தான். 80இலிருந்து 120க்குப் போகும்போது மிச்சம் 34 நிமிடம். அழிக்கும் ஆற்றலோ 125 விழுக்காடு கூடுகிறது. வேக வரம்பை 120 வரை உயர்த்திய 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தபோது, பலர் அதை வளர்ச்சிக்கு எதிரான தீர்ப்பு என்றார்கள். இந்தக் கணக்கின் முன் அந்தக் குறை நிற்காது.

அப்படியென்றால் மாட்டு வண்டி வேகத்துக்குத் திரும்புவதா என்றால், இல்லை. மனிதர் தவறுவார் என்பதை முன்கூட்டியே ஏற்று, அந்தத் தவறு உயிரைப் பறிக்காத அளவுக்கு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் சாலையைக் கட்டுவதே வழி. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற கொள்கை இதுதான். நடப்பவர் குறுக்கிடும் இடத்தில் 30 கிலோமீட்டர், நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள இடத்தில் 70 என்று, உடல் தாங்கும் அளவிலிருந்து வேகத்தை அவர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 1998இலிருந்து தங்கள் நெடுஞ்சாலைகள் பலவற்றின் நடுவே எஃகுக் கம்பிவடத் தடுப்பு கட்டி, நேருக்கு நேர் மோதலையே அநேகமாக இல்லாமலாக்கினார்கள். அச்சாலைகளில் இறப்பு பெருமளவு சரிந்தது. தடுப்பில் உரசும் வண்டிக்குச் சேதம் உண்டு, ஆனால் நிற்பதற்கு நேரமும் தூரமும் கிடைக்கிறது. சேலம் சாலை பைபாஸ்களுக்குத் தேவைப்பட்டதும் இதுபோன்ற ஒன்றே. ஊர்களை ஒட்டிச் சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும், இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு இடையே ஆன நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணிக்கும் ஏற்பாடும் இந்த வரிசையில் சேரும். இவற்றைவிட மலிவான ஒன்றும் இருக்கிறது. சந்திப்பு வருவதற்கு அரைக் கிலோமீட்டர் முன்பே, போகப் போக நெருங்கி வரும்படி சாலையின் குறுக்கே தடித்த வரிகளை இடுவது. முதல் வரி நூறு வேகத்தில் ஒரு சின்ன அதிர்வு. அடுத்தடுத்த வரிகளில் வண்டி நடுங்கி, ஸ்டியரிங் கையில் துடித்து, வேகம் கூடுவதுபோன்ற தோற்றம் எழும். ஓட்டுநரின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழும். மூன்று மணி நேரமாக நல்ல சாலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட மாட்டு வண்டியின் குலுக்கலை, தேவைப்படும் இடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மட்டும் அவருக்குத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு பெரிய செலவல்ல.